பின்னாடி ரெண்டு டயரா நாலு டயரா? கல்லும் ஏத்தணும், ட்ராலியும் இழுக்கணும்

கல்லுப்பட்டறை ஆத்தங்குடி:
எல்லாருக்கும் வணக்கம். இங்க ரொம்ப நாளா படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன், இன்னைக்குத்தான் வாயத் தொறந்து கேக்குறேன். ஆத்தங்குடில எங்களுக்கு சின்னதா ஒரு கல்லுப்பட்டறை, தாத்தா காலத்துலேருந்து கண்ணாடில கலர் ஊத்தி, தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுறோம். மாமா பழைய வீடுகள மராமத்து பண்ற கான்ட்ராக்ட் எடுக்கிறார். இதுவரைக்கும் எல்லாமே வாடகை வண்டிதான், மாசம் வாடகைக்குப் போற காசப் பாத்தா அதுலயே ட்யூ கட்டிடலாம் போல இருக்கு, அதனால சொந்தமா ஒண்ணு எடுக்கலாம்னு வீட்ல பேசி முடிவாயிடுச்சு.

ஏத்துறது முக்கால்வாசி கல்லுதான். ஒரு அடிக்கு ஒரு அடி, முக்கால் இஞ்சு கனம், ஒண்ணு நாலு கிலோ பக்கம் வருது. அப்பப்ப தேக்குத் தூணு, நிலை, கதவு. இது போக ரெண்டு சாமான் பின்னாடி கட்டி இழுக்கணும், ஒண்ணு ரெண்டு சக்கர ட்ராலில ஏத்தின ஜெனரேட்டர், இன்னொண்ணு நாலு சக்கர ஹாப்பர் கலவை மிஷின்.

மாமா 1.7 டன் ஏத்துற பிக்கப் போதும்ங்கிறார். எனக்கு செகண்ட்ஸ்ல ஒரு டாடா 407 லாரி மேல கண்ணு. பிக்கப்புல பின்னாடி ரெண்டு டயர், 407ல நாலு. இழுக்கிறதுக்கு எது நல்லது, பட்டறிவு உள்ளவங்க சொல்லுங்க.

புதுவயல் 407:
தம்பி யோசிக்கவே வேணாம், 407 எடுங்க. 1986ல வந்த வண்டி, இன்னைக்கும் எங்க புதுவயல்ல அரிசி மில்லு வாசல்ல போய்ப் பாருங்க எத்தன நிக்கிதுன்னு, எந்தப் பட்டிக்காட்டு மெக்கானிக்கும் கண்ண மூடிக்கிட்டு பிரிச்சு மாட்டுவான். நானே 11 வருஷமா ஓட்டுறேன்.

ஒரு ராத்திரி திருமயம் தாண்டி முழு லோடு அரிசியோட வர்றேன், பின்னாடி இடது வெளி டயர் டமார்னு போச்சு. ஸ்டியரிங்க கெட்டியாப் புடிச்சேன், பிரேக்கத் தொடல, ஆக்சிலேட்டர மட்டும் விட்டேன், வண்டி கொஞ்சம் இழுத்துச்சே தவிர சாயல. உள் டயர் தாங்கிக்கிட்டு ஓரமா கொண்டாந்து நிறுத்திட்டேன். அதே எடத்துல சிங்கிள் வீலா இருந்தா அந்தப் பக்கம் ரிம்மு தரையில உக்காந்து, மேல இருக்க மூட்டை எல்லாம் ஒரு பக்கமா சாஞ்சு என்ன ஆயிருக்கும்னு நெனைச்சாலே இன்னும் வயித்தக் கலக்குது. எனக்கு ரெண்டு பொம்பளப்புள்ளைங்க தம்பி. அன்னைலேருந்து சிங்கிள் வீல்ல லோடு அடிக்கிறதில்லைன்னு வச்சிருக்கேன்.

பள்ளத்தூர் பிக்கப்:
அண்ணே உங்க அனுபவத்த மதிக்கிறேன் ஆனா இவரு கேக்குற வேலைக்கு 407 பெருசுன்னு எனக்குப் படுது. நாலு டயரோட போகுதா ஆறு டயரா, மாத்துறப்ப தெரியும். நான் 1.7 பிக்கப் வச்சு செங்கல், எம்சாண்ட், கம்பி எல்லாம் அடிக்கிறேன். டீசல் மிச்சம், சந்துல திரும்புது. ஐப்பசி கார்த்திகைல ஊரணிக் கரைப் பாதைல போய்ப் பாருங்க, டபுள் வீலு மேலாப்பல மெதந்து வழுக்கும், சிங்கிள் வீலு சேத்த அறுத்துக்கிட்டு தரையப் புடிக்கும். காலி வண்டில இன்னும் மோசம், நாலு டயருக்கு மேல எடையே இருக்காது. போன மழையில எங்க பக்கத்துல ஒரு டபுள் வீல் வண்டி காலியா சிக்கி ட்ராக்டர் வச்சு இழுத்தாங்க, அதே தடத்துல நான் செங்கலோட போய்ட்டு வந்தேன்.

அப்புறம் ரெண்டு டயருக்கு நடுவுல கல்லு மாட்டுற தலைவலி.

கோட்டையூர் டயர் கடை:
கல்லு மாட்டுறது உண்மை, அத சாதாரணமா விட்றாதீங்க. நம்ம பக்கம் செம்பூராங்கல்லு, சரளை ரோடு, க்ரஷர் லாரி சிந்திட்டுப் போற ஜல்லி. சின்ன ஜல்லி தானா விழுந்துடும், முஷ்டி அளவு கருங்கல்லு சிக்குச்சுன்னா ரெண்டு டயரோட பக்கச்சுவரையும் அரச்சுக்கிட்டே வரும், இல்லேன்னா வேகத்துல தெறிச்சு பின்னாடி வர்ற வண்டி கண்ணாடில போய் அடிக்கும். எங்கிட்ட வந்தா கல்லச் சுத்தி சங்கிலியக் கட்டி, வண்டிய ஆமை வேகத்துல நகத்தி எடுப்பேன். கடப்பாரையால நெம்புனா டயருதான் கிழியும்.

தம்பி கேட்ட கேள்விக்கு வர்றேன். 22 வருஷமா டயரு தொழில்ல இருக்கேன். எல்லாரும் ரெண்டா நாலான்னு எண்ணுறாங்க, டயர்ல என்ன எழுதியிருக்குன்னு யாரும் குனிஞ்சு படிக்கிறதில்ல. லோடு வண்டி டயரு பக்கச்சுவர்ல 116/114ன்னோ 121/120ன்னோ ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் டயரு தனியா ஓடினா, ரெண்டாவது ஜோடியா ஓடினா. 116ன்னா 1,250 கிலோ. 114ன்னா 1,180. 121ன்னா 1,450, 120ன்னா 1,400. ஜோடியா போட்டா ஒவ்வொண்ணும் தாங்குற எடை குறையுது பாத்தீங்களா, ஏன்னா ரெண்டும் ஒரே மாதிரி எடையப் பங்கு போட்டுக்காது, உள் டயருக்குக் காத்தோட்டம் கெடையாது, சூடு எறங்காது. ஆனாலும் நாலுன்னு வரும்போது 1,180 நாலு தடவ, 4,720 ஆச்சு. சிங்கிள்ல 1,250 ரெண்டு தடவ, 2,500. அந்த வித்தியாசத்துக்குத்தான் நாலு டயரு.

ஆனா தம்பி, நாலு டயரு போட்டா இழுக்கிற சக்தி கூடும்னு நெனைச்சுடாதீங்க. இழுக்கிறது இஞ்சின், கியர். நிறுத்துறது பிரேக். டயரோட வேலை மேலேர்ந்து அமுக்குற எடையத் தாங்குறதும் ஆடாம நிக்கிறதும்தான். அதனால நீங்க மொதல்ல பாக்க வேண்டியது உங்க ட்ராலி கொக்கில எவ்வளவு எடைய எறக்குதுன்னு. நாலு சக்கரக் கலவை மிஷின் தன் எடையத் தானே தாங்கிக்கும், இழுவைக் கம்பி மட்டும்தான் கொக்கில கெடக்கும். ரெண்டு சக்கர ட்ராலி அப்படி இல்ல, மூக்க உங்க வண்டி மேல வச்சு அமுக்கும்.

காரைக்குடி பக்கம் எந்த எடைமேடையிலயாவது லோடோட ஏத்துங்க. மொத்த வண்டியும் ஒரு தடவ, பின் சக்கரம் மட்டும் மேடைல நிக்கிற மாதிரி ஒரு தடவ, ட்ராலிய மாட்டி பின் சக்கரம் மட்டும் இன்னொரு தடவ. சீட்ட வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசுவோம்.

தேவகோட்டை டூ டெக்சாஸ்:
டயர் கடை அண்ணன் சொன்னது அட்சரம் பிசகாம சரி. சொந்த ஊரு தேவகோட்டை, இப்ப டெக்சாஸ்ல இருக்கேன். இங்க இந்த சண்டை ஓயாது. பின்னாடி நாலு டயர் போட்ட பிக்கப்ப 'டூயலி'ம்பாங்க. ஃபோர்டு எஃப்-250 சிங்கிள்ல மட்டும் வரும், எஃப்-350 ரெண்டுலயும் வரும். ராம் 2500 சிங்கிள், 3500 ரெண்டுலயும் உண்டு.

இங்க கணக்கு இப்படித்தான். பம்பர் பக்கம் கொக்கில மாட்டுற ட்ரெய்லர்னா அதோட மொத்த எடைல 10லேர்ந்து 15 சதவீதம் கொக்கில எறங்கணும். தொட்டி நடுவுல, பின் அச்சுக்கு மேலயே மாட்டுற பெரிய ட்ரெய்லருக்கு 15லேர்ந்து 25 சதவீதம். அந்த மாதிரி 6 டன் ட்ரெய்லர மாட்டினா 20 சதவீதம்னு வச்சாலே 1,200 கிலோ தொட்டி மேல உக்காருது. அதுக்கு மேல போறவங்க டூயலிக்குப் போயிடுறாங்க. பக்கவாட்டுல அடிக்கிற காத்து, பெரிய லாரி தாண்டும்போது வர்ற தள்ளு, இதுலெல்லாம் அகலமா நாலு டயர் ஊனி நிக்கிற நிதானம் வேற. நான் ரெண்டுலயும் குதிரை ட்ரெய்லர் இழுத்திருக்கேன், சிங்கிள்ல பக்கச்சுவர் வளைஞ்சு நெளியிறது முதுகுலயே தெரியும். டூயலிக்குப் பின் இடுப்பு கிட்டத்தட்ட எட்டடி அகலம், ட்ரெய்லர் மாட்டாத நாள்ல கடை வாசல்ல நிறுத்த எடம் தேடியே மாளாது.

ஒண்ணு முக்கியம். கொக்கி எடையக் குறைக்கிறேன்னு ஜெனரேட்டர பின்னாடி தள்ளி வச்சுடாதீங்க. மூக்கு லேசானா வேகத்துல ட்ராலி பாம்பு மாதிரி ஆட ஆரம்பிக்கும், அது ஆரம்பிச்சா நாலு டயரும் காப்பாத்தாது.

வளவு வீட்டு அக்கா:
நான் வண்டி ஓட்டுறவ இல்ல. கானாடுகாத்தான்ல எங்க வீட்டப் பாத்துக்கிறவ, ரெண்டு வருஷமா மராமத்து நடக்குது. வண்டி எடுக்கிற தம்பிக்கு வீட்டுக்காரங்க பக்கத்துலேருந்து ஒரு வார்த்தை.

எங்க வீடு ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியுது. சாமான் எறக்குறதுக்குன்னுதான் அந்தக் காலத்துலயே பின்கட்டு வாசல் வச்சிருக்காங்க, வண்டி மாடு எல்லாம் அந்தப் பக்கம்தான் வந்து நிக்கும். போன ஆடில மணல் கொண்டாந்த ஒரு பிக்கப் டிரைவர் அவசரத்துல முகப்பு வாசலுக்கே ஏத்திட்டார். கூரைத் தண்ணி ஊரணிக்குப் போற வாய்க்கால் மேல மூடியிருந்த கருங்கல் பலகை, என் மாமியாரோட மாமியார் காலத்துது, பின் சக்கரம் ஏறினதும் நடுவுல கீறி ரெண்டாப் போச்சு. சத்தம் கேட்டு ஓடியாந்தேன், உள்ள ஈரமா மண்ணு தெரியுது. அந்த நீளத்துக்கு ஒரே பலகையா இன்னைக்கு வாங்கணும்னா எங்க போறதுன்னு மேஸ்திரியே கைய விரிச்சுட்டார். பணம் கெடக்கட்டும், மனசு ஆறல.

ரெண்டு டயரோ நாலு டயரோ, எந்தத் தரை மேல ஏறி நிக்கிறோம்னு பாத்துட்டு ஏறுங்கப்பா. பழைய வீட்டு வேலை பாக்குறவங்களுக்கு இது தெரியணும்.

கோட்டையூர் டயர் கடை:
அக்கா, மனசு கஷ்டமாப் போச்சு. நீங்க சொன்னதுல எங்க தொழில் விஷயமும் இருக்கு. முழு லோடு பிக்கப்புல ஒரு பின் டயர் உள்ளங்கை ரெண்டு அகலத்துல ஆயிரத்து சொச்சம் கிலோவ ஊனுது. டபுள் வீல் அதையே ரெண்டு மடங்கு அகலத்துல பரத்தும், ஆனா வண்டியே கனம், லோடும் கூட ஏத்துவாங்க, அதனால மிச்சப்படுறதுன்னு ஒண்ணும் இல்ல. எதுவா இருந்தாலும் பின்கட்டுப் பக்கம்தான் எறக்கணும், ஓட்டுறவங்க அத கேட்டுக்கிட்டு வந்தா போதும்.

பேப்பர் பாக்குறவன்:
சட்டம் பக்கம் சொல்லிடுறேன். லைசென்ஸ் கவலை வேணாம், 2024 நவம்பர் 6ல உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பு சொல்லிடுச்சு, மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்க சரக்கு வண்டிய சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வண்டி) லைசென்ஸ் வச்சே ஓட்டலாம், அதுல தனியா டிரான்ஸ்போர்ட்னு பதிய வேண்டியதில்ல. அதனால ஆறு டயருன்னாலே ஹெவி லைசென்ஸ் வேணும்னு டீக்கடைல சொல்றத நம்பாதீங்க, கணக்கு டயர் எண்ணிக்கைல இல்ல, ஆர்.சி.ல போட்டிருக்க எடைல.

ஓவர்லோடு மட்டும் வேணாம். 2019 திருத்தத்துக்கு அப்புறம் சட்டத்துல 20,000 ரூபா, கூட இருக்க ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, அதோட அங்கயே எறக்கச் சொல்லுவாங்க. அத விட, விபத்துன்னு ஒண்ணு ஆயிட்டா இன்ஷூரன்ஸ்காரங்க மொதல்ல கேக்குறது எடைதான். ட்ராலிக்கும் தனி ஆர்.சி. இருக்கான்னு பாத்துக்குங்க.

கல்லுப்பட்டறை ஆத்தங்குடி:
எடை போட்டாச்சு. டயர் கடை அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே மூணு தடவையும் ஏத்துனேன், எடைமேடைக்காரர் என்னப்பா பாதி பாதியா ஏத்துறேன்னு கேட்டார், வெவரத்தச் சொன்னதும் அவரே எறங்கி வந்து சக்கரத்தச் சரியா நிறுத்திக் குடுத்தார்.

வாடகை பிக்கப்புல 400 கல்லு, வைக்கோல் போட்டு நட்டக்குத்தலா அடுக்கினது. மொத்தம் 3,420. பின் சக்கரம் மட்டும் 2,310. ஜெனரேட்டர் ட்ராலிய மாட்டிட்டு, ட்ராலி மேடைக்கு வெளிய நிக்க, பின் சக்கரம் மட்டும் 2,520. வண்டி மொத்தம் 3,570. இதுல எனக்கு ஒண்ணு புரியல, மொத்தத்துல 150 கிலோதான் கூடியிருக்கு, பின் சக்கரத்துல மட்டும் எப்படி 210 கூடுச்சு?

கோட்டையூர் டயர் கடை:
அப்படித்தான் தம்பி வரும். பழைய கெணத்து ஏத்தம் பாத்திருப்பீங்கள்ல, ஒரு பக்கம் அமுக்குனா மறுபக்கம் தூக்கும். கொக்கி பின் அச்சுக்கு மேல இல்ல, நாலடி பின்னால தள்ளி இருக்கு. அங்க 150 அமுக்குனா முன் சக்கரத்துலேருந்து ஒரு 60 கிலோவத் தூக்கிடும், அந்த 60ம் சேந்து பின்னாடி உக்காருது. உங்க சீட்டையே பாருங்க, முன்னாடி 1,110 இருந்தது 1,050 ஆயிருக்கு. ட்ராலி மாட்டினா ஸ்டியரிங் லேசா, வழுக்குற மாதிரி இருக்குன்னு டிரைவருங்க சொல்றது இதத்தான்.

டயர்ல என்ன நம்பர் இருந்துச்சு?

கல்லுப்பட்டறை ஆத்தங்குடி:
116/114 அண்ணே. ஒரு டயருக்கு 1,250, ரெண்டுக்கு 2,500. ட்ராலி மாட்டாதப்ப 2,310, தாராளம். மாட்டினதும் 2,520, 20 கிலோ தாண்டிடுச்சு. ஆர்.சி.ல மொத்த எடை 3,490, அதுலயும் 80 தாண்டிடுச்சு. இவ்வளவு நாளா இப்படித்தான் மதுரை வரைக்கும் போய்ட்டு வந்திருக்கோம்னு நெனைச்சா கை நடுங்குது. அம்மா ரெண்டு தடவ அதே வண்டில முன்னாடி உக்காந்து வந்திருக்காங்க.

தேவகோட்டை டூ டெக்சாஸ்:
ட்ராலி ஜெனரேட்டரோட எவ்வளவு தம்பி?

கல்லுப்பட்டறை ஆத்தங்குடி:
1,100 அண்ணே, அதையும் தனியா போட்டேன்.

தேவகோட்டை டூ டெக்சாஸ்:
1,100க்கு 150ன்னா 13, 14 சதவீதம். கச்சிதம். அத மாத்தாதீங்க. கல்லக் குறைங்க.

பள்ளத்தூர் பிக்கப்:
நானும் அதத்தான் சொல்ல வந்தேன். 20 கல்லு எறக்குனா 80 கிலோ, கணக்கு சரியாப் போச்சு, 60 எறக்குனா நிம்மதியாவே போகலாம். ட்ராலி மாட்டுற அன்னைக்கு 340 கல்லோட போங்க. மாசத்துல எத்தன நாளு ஜெனரேட்டர் இழுக்கப் போறீங்க, நாலு நாளா? அந்த நாலு நாளுக்காக மிச்ச 26 நாளும் ஆறு டயருக்குத் தீனி போடணுமா?

புதுவயல் 407:
தம்பி பள்ளத்தூரு, கணக்கு சரிதான், நான் வாதாடல. ஆனா 60 கல்லு எறக்கணும்னு மனசுல நெனைக்கிறது வேற, பார்ட்டி வாசல்ல நின்னுக்கிட்டு இன்னும் அம்பது கல்லு ஏத்துப்பா, இன்னொரு நடை வேணாம்னு சொல்றப்ப முடியாதுன்னு சொல்றது வேற. நம்ம ஆளுங்களால அது முடியறதில்ல. பின்னாடி டயருல கொஞ்சம் எடம் இருக்கணும்ங்கிறது அதுக்குத்தான்.

கலவை மிஷினப் பத்தி யாரும் பேசல. அதுக்குப் பிரேக்கே கெடையாது. கொக்கில எடை எறங்காதே தவிர, நீங்க பிரேக் போட்டா அது ஒன்றரை டன்னும் பின்னாடிலேருந்து முட்டித் தள்ளும். பிள்ளையார்பட்டி பக்கம் ஒரு எறக்கத்துல எனக்கு ஆச்சு, முன்னாடி ஆட்டுக் கிடை குறுக்க வந்துச்சு, நான் நிறுத்திட்டேன், மிஷின் நிக்கல, இழுவைக் கம்பி மடிஞ்சு தொட்டிக் கதவுல ஏறிடுச்சு. ஆட்டுக்காரப் பையன் ஒதுங்கிட்டான், சாமி புண்ணியம். அதுக்கப்புறம் மிஷின் இழுக்கிற அன்னைக்கு 25க்கு மேல முள்ளு ஏற விடுறதில்ல, தொட்டில கொஞ்சமாவது லோடு வச்சுக்குவேன், காலித் தொட்டின்னா பின் டயரு தரையப் புடிக்காது. இதுல ரெண்டு டயரு நாலு டயரு பேச்சே இல்ல, உங்க வண்டி மிஷின விட நல்லாக் கனமா இருக்கணும், பிரேக் நல்லா இருக்கணும்.

வளவு வீட்டு அக்கா:
கேக்கவே பதறுதுப்பா.

கல்லுப்பட்டறை ஆத்தங்குடி:
நேத்து ராத்திரி மாமாவும் நானும் உக்காந்து பழைய பில் புக்க எடுத்து ஒரு வருஷத்துக்கு எண்ணுனோம். ஜெனரேட்டர் இழுத்தது மாசத்துக்கு நாலு அஞ்சு தடவதான், பள்ளத்தூர் அண்ணன் சொன்னது சரி. ஆனா வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. வெளியூர் ஆர்டர் நாங்க நெனைச்சத விட ஜாஸ்தி, மதுரை, திருச்சி, கோயம்புத்தூர். பெரும்பாலும் ஒரு கூடமும் தாழ்வாரமும் சேத்து ஆயிரம் அடி கேக்குறாங்க. ஆயிரம் அடின்னா நாலு டன். பிக்கப்புல நேர்மையா ஏத்தினா மூணு நடை. நான் பாத்து வச்சிருக்க 407ல ஆர்.சி. கணக்குப்படி 2,250 ஏத்தலாம், நடைக்கு 500 கல்லுன்னா ரெண்டு நடையில முடிஞ்சுடும், பின் டயர்ல எடமும் மிச்சம் இருக்கும். கோயம்புத்தூருக்கு ஒரு நடை மிச்சம்னா ஆறு டயர் செலவு ஒரு பக்கம் ஈடு கட்டிடும்னு மாமாவே சொல்லிட்டார்.

மழைக் காலத்துல ஊரணிக் கரை வேலைக்கு மட்டும் பள்ளத்தூர் அண்ணன் வண்டிய வாடகைக்குக் கேப்போம், இல்லேன்னு சொல்லிடாதீங்க. அக்கா, உங்க பக்கம் வேலை வந்தா பின்கட்டுத் தெருவுலதான் நிறுத்துவேன், முகப்புக்குத் தள்ளுவண்டில கொண்டு போறோம்.

டயர் கடை அண்ணே, வண்டி எடுக்கப் போறப்ப பின் டயர்ல என்னென்ன பாக்கணும்?

பள்ளத்தூர் பிக்கப்:
எப்ப வேணாலும் கூப்பிடுங்க தம்பி.

கோட்டையூர் டயர் கடை:
மொதல்ல தேதி. பக்கச்சுவர்ல நாலு நம்பர் இருக்கும், 3721ன்னா 2021ம் வருஷம் 37வது வாரம். பட்டன் ஆழமா இருக்குன்னு ஏமாறாதீங்க, வருஷக்கணக்கா நிழல்ல கெடந்த ரப்பரும் வெடிக்கும்.

ரெண்டாவது, ஜோடி. உள்ளயும் வெளியயும் ஒரே சைஸ், ஒரே மாதிரித் தேய்மானம் இருக்கணும். ரெண்டுக்கும் விட்டத்துல கால் இஞ்சுக்கு மேல வித்தியாசம் கூடாது. விக்கிறவங்க வெளிய தெரியிற டயர மட்டும் புதுசா மாட்டி, உள்ள மொட்டையா ஒண்ண விட்டிருப்பாங்க. அப்ப உயரமா இருக்க புது டயரே மொத்த எடையும் தூக்கும், சின்னது கூடவே இழுபட்டுத் தேயும், ரெண்டும் சீக்கிரம் போயிடும்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், உள் டயர் காத்து. நம்ம ஊரு சீமைக்கருவேல முள்ளு குத்தி உள்ளயே ஒடைஞ்சுக்கும், வெளிய தெரியாது, காத்து நாள்கணக்குல கசியும். வெளி டயர் நிமிந்து நிக்கிறதால வண்டி சாயாது, யாருக்கும் தெரியாது. அந்த ஒத்த டயரு ரெண்டு பேரு எடையத் தூக்கிச் சூடாகி ஒரு நாள் வெடிக்கும். புதுவயல் அண்ணனுக்கு அன்னைக்கு உள் டயர்ல காத்து இருந்துச்சு, அதனாலதான் உயிரோட பேசிக்கிட்டு இருக்கார். தெனம் காலைல ஒரு இரும்புக் கம்பியால நாலு டயரையும் தட்டுங்க. காத்து இருந்தா கம்பி துள்ளும், டங்குனு சத்தம் வரும். இல்லேன்னா தொப்புனு தலகாணில தட்டின மாதிரி இருக்கும். வாரம் ஒரு தடவ கேஜ் வச்சுப் பாருங்க, கை போகலேன்னா உள் வால்வுக்கு எக்ஸ்டென்ஷன் மாட்டித் தர்றேன். சக்கரம் கழட்டி மாட்டுனா 50, 100 கிலோமீட்டர் ஓடினதும் நட்ட மறுபடி முறுக்கணும்.

புதுவயல் 407:
அந்த இரும்புக் கம்பி என் சீட்டுக்கு அடியிலயே கெடக்கும் தம்பி, நீங்களும் ஒண்ணு போட்டு வச்சுக்குங்க. வண்டி பாக்கப் போறப்ப சொல்லுங்க, நான் கூட வர்றேன், இஞ்சின் சத்தத்தக் கேட்டாலே எனக்குப் பாதி தெரிஞ்சுடும். சேசிஸ்ல கொக்கி மாட்டுற குறுக்குச் சட்டத்துல வெல்டிங் வச்ச தழும்பு இருக்கான்னு கீழ படுத்துப் பாத்துடுவோம், இழுத்து இழுத்து அங்கதான் கீறல் விடும்.

கல்லுப்பட்டறை ஆத்தங்குடி:
ரொம்ப நன்றிண்ணே. வர்ற வெள்ளிக்கிழமை செக்காலை ரோட்டுல பாக்குறோம், புதுவயல் அண்ணே நம்பர் தனியா அனுப்புறேன். பிடிச்சிருந்தா சாயங்காலமே ஓட்டிக்கிட்டு கோட்டையூர் கடைக்கு வந்துடுறோம்.

கோட்டையூர் டயர் கடை:
சாயங்காலம் வேணாம் தம்பி, ஓடி வந்த டயரு சூடா இருக்கும், காத்து கூடத்தான் காட்டும். ராத்திரி நம்ம கடை வாசல்லயே விட்டுட்டுப் போங்க, சனிக்கிழமை வெயில் ஏறுறதுக்குள்ள நாலையும் கழட்டிப் பாத்துடுறேன்.